கார்னர் கோலும் கோல்தான், மச்சான்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை உங்கள் வாசகர் பகுதியில் ‘அல்சூர் வாசகர், பெங்களூரு’ என்ற பெயரில் ஒரு கடிதம் வந்திருந்தது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஃபைனலில் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று பெங்களூரு எஃப்.சி.யை ஜெயித்தது வெறும் குருட்டு அதிர்ஷ்டம், இரண்டு கார்னர் கிடைத்தது, ஒரு நெட்டை ஆள் தலையைக் கொடுத்தார், கோப்பை போய்விட்டது, மற்றபடி ஆட்டம் என்று ஆடியது பெங்களூருதான் என்பது கடிதத்தின் சாரம். ‘பந்து எங்கள் காலில், கோப்பை உங்கள் கையில்’ என்று ஒரு பஞ்ச் வேறு.

அந்த வரியைப் படித்ததுமே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபைனல் முடிந்த ராத்திரி கண்டீரவா வாசலில் ஆட்டோ ஏறியதிலிருந்து அல்சூரில் இறங்குகிற வரை இதே வசனத்தை ஏழெட்டுத் தடவையாவது என் காதில் ஓதினார். என் மனைவியின் தம்பி. ‘சென்னைக்காரர்கள் கோப்பையோடு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்’ என்று அவர் கடிதத்தை முடித்திருந்தாரே, அது உங்கள் வாசகர்கள் யாருக்கும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வீட்டுச் சண்டையை பேப்பருக்குக் கொண்டுவந்தது அவர்தான், நான் இல்லை. அதனால் பதிலும் பேப்பரிலேயே வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது. வெட்ட வேண்டுமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கேரம் போர்டு வருகிற இடத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனேன். டிக்கெட் எடுத்து வைத்தவர் மச்சினன்தான், எடுத்ததோ பெங்களூரு ரசிகர்கள் உட்காரும் பக்கத்தில். இரண்டு ஊருக்குமே நீலச் சட்டைதான் என்பதால் என் சென்னை சட்டையை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, பக்கத்து சீட்டில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் தன் ஆள் என்று நினைத்து முறுக்குப் பொட்டலத்தை நீட்டினான், நானும் எடுத்துக்கொண்டேன். 9-வது நிமிடத்தில் உதாந்தா சிங் வலப்பக்கத்திலிருந்து அடித்த கிராஸுக்கு சுனில் சேத்ரி பாய்ந்து விழுந்து தலை கொடுத்துக் கோல் அடித்தாரே, அப்போது சுமார் 25,000 பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அடுத்த எட்டாவது நிமிடத்தில் 25,000 பேர் உட்கார்ந்திருக்க நான் மட்டும் எழுந்தேன். முறுக்குப் பையன் அதற்கப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சேத்ரி அடித்த கோலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 33 வயதில், முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் செமி ஃபைனலில் புனேவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட மனுஷன், ஃபைனலில் ஒன்பது நிமிடம்கூட நம்மை நிம்மதியாக விடவில்லை. கிராஸ் வருவதற்கு முன்பே எங்கே வரும் என்று தெரிந்து அங்கே போய்க்கொண்டிருந்தார். அந்தக் கோலில் நம் இடப்பக்க டிஃபென்ஸ் தூங்கியது என்று மச்சினன் சொல்வதை நான் மறுக்கவில்லை. உதாந்தாவை அவ்வளவு தூரம் ஓடவிட்டது தப்புதான். அந்தப் பையன் ஓட ஆரம்பித்துவிட்டால் பிடிப்பது கஷ்டம், ஓடுவதற்கு முன்னால் பிடித்திருக்க வேண்டும்.

இனி கார்னர் கதை. 17-வது நிமிடம், நம் கிரெகரி நெல்சன் கார்னர் அடிக்கிறார், மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் கோல். 45-வது நிமிடம், நெல்சன் கார்னர் அடிக்கிறார், மெய்ல்சன் தலையால் கோல். உதைத்த கால் அதே கால், முட்டிய தலை அதே தலை, இடைவெளி 28 நிமிடம். முதல் தடவையை அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், போனால் போகிறதென்று விட்டுவிடுகிறேன். அதே வீட்டில், அதே ஜன்னல் வழியாக, அதே திருடன் இரண்டாவது தடவை நுழைந்த பிறகும் அதிர்ஷ்டம் என்றால் எப்படி? முதல் திருட்டுக்கப்புறம் ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டாமா?

இதை நான் அன்று ராத்திரியே கேட்டேன். வீடு போய்ச் சேரும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. மாமியார் தயிர்சாதமும் நார்த்தங்காயும் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் சாப்பிடாமல் கை நீட்டிப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ‘யாராவது செத்துட்டாங்களாடா?’ என்று கேட்டார். மச்சினன் முகம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. வாயால் சொன்னால் அவருக்கு ஏறவில்லை என்பதால் சுவரில் சாத்தியிருந்த கேரம் போர்டை எடுத்துக் கீழே போட்டேன். வியாசர்பாடிக்காரன் கையில் கேரம் போர்டு கிடைத்தால் எதையும் விளக்கலாம்.

வெள்ளைக் காய் பெங்களூரு, கறுப்புக் காய் சென்னை. இரண்டு தீப்பெட்டி வைத்து கோல் போஸ்ட். மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங்காக நிறுத்தினோம். சிவப்புக் காய் பந்து. மெய்ல்சனுக்கு மட்டும் ஸ்ட்ரைக்கரை வைத்தேன். ‘மாமா, அவன் டிஃபெண்டர், அவனைப் போய் ஸ்ட்ரைக்கரா வெக்கிறீங்களே’ என்றார் மச்சினன். ‘அதுதான்டா மச்சான், உங்க ஆளுங்களும் அப்படியே நினைச்சுட்டாங்க’ என்றேன். சிரிக்கவில்லை.

கார்னர் என்பது பார்க்க ரொம்ப சாதாரணமாகத் தெரியும். மூலையில் பந்தை வைத்து ஒருவர் உதைக்கிறார், கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் எகிறுகிறார்கள், எவன் தலையிலாவது படுகிறது. அப்படி நினைப்பவர்கள் ஒருநாளும் கார்னருக்கு டிஃபென்ஸ் நின்றதில்லை. நின்ற இடத்திலிருந்தே எகிறுபவன் ஒரு உயரம்தான் போவான், நாலைந்து அடி ஓடி வந்து எகிறுபவன் அதற்கு மேலே ஒரு சாண் போவான், அந்த ஒரு சாணில்தான் கோல் இருக்கிறது. ஓடி வருபவனுக்கு வழி வேண்டும். அந்த வழியை அவன் கூட்டாளிகள் குறுக்கே நின்று, லேசாக இடித்து, ஆளை மறைத்து உண்டாக்கித் தருவார்கள். உதைப்பவனும் ஆளைப் பார்த்து உதைக்கக் கூடாது, ஆள் இரண்டு நொடி கழித்து எங்கே இருப்பானோ அந்தக் காலி இடத்துக்கு உதைக்க வேண்டும், கோல்கீப்பர் வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற தூரத்தில் அது விழ வேண்டும். இது அத்தனையும் கூடி வந்தால்தான் ஒரு ஹெட்டர். ஒரு ஃபைனலில் இரண்டு முறை கூடி வந்தது.

‘எங்க டீம்ல ஹுவானன் இருக்கான், ஜான்சன் இருக்கான், பார்த்தாலு இருக்கான், எல்லாம் பனைமரம் மாதிரி, எங்களை மீறி தலையில அடிச்சா அது லக்குதான்’ என்பது மச்சினனின் வாதம். பனைமரம் உயரம்தான் மச்சான், ஆனால் பனைமரம் ஓடாது.

இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் ஆறு வருஷம் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது நடு டிஃபெண்டராக ஆடியிருக்கிறேன், பெயர் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் சாதிக்கவில்லை. எங்கள் மாஸ்டர் காலையில் ஆறு மணிக்கு கார்னர் பிராக்டிஸ் வைப்பார். எங்களில் ஒருத்தனுக்கும் மூலையிலிருந்து ஒழுங்காகப் பந்தை உதைத்து பாக்ஸுக்குள் சேர்க்கத் தெரியாது, அதனால் அவரே பக்கத்தில் வந்து நின்று கையால் தூக்கிப் போடுவார். ‘பந்தைப் பார்க்காதே, உன் ஆளோட இடுப்பைப் பார். கண் ஏமாத்தும், தோள் ஏமாத்தும், இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் போவான்.’ இதைத்தான் தினமும் சொல்வார். ஒரு மேட்சில் கடைசி நிமிடத்தில் கார்னர் வந்தது. நான் பந்து பறந்து வருகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என் ஆள் எனக்குப் பின்னால் போய்விட்டான், கோல். மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வாரம் முழுக்க வேறு எதுவும் கிடையாது, கார்னர் மட்டும், என்னை கோல் லைனில் நிற்கவைத்து இரண்டு மணி நேரம். முப்பது வருஷம் ஆகிறது, இன்றைக்கும் டிவியில் கார்னர் காட்டினால் நான் பந்தைப் பார்ப்பதில்லை. கண்டீரவாவிலும் பார்க்கவில்லை. மெய்ல்சனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இரண்டாவது கார்னருக்குப் பந்து உள்ளே போவதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். மச்சினன் அதைக்கூட ‘மாமா மந்திரம் போட்டுட்டார்’ என்கிறார்.

அடுத்தது, பந்து எங்கள் காலில் என்ற அந்தப் பஞ்ச். உண்மைதான், பந்து பெங்களூருவிடம்தான் அதிக நேரம் இருந்தது. இல்லையென்று யார் சொன்னார்கள்? கல்யாண வீட்டில் பந்தி முழுக்கப் பரிமாறியது நான், சாப்பிட்டது மட்டும் நீ என்று சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறது இது. அவர்கள் கோச் ஆல்பெர்ட் ரோகா பார்சிலோனாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், பின்னாலிருந்து பாஸ் பாஸாகக் கட்டிக்கொண்டு வருகிற ஆட்டம் அவருடையது, லீக் முழுக்க அது பார்க்க அழகாகவே இருந்தது. நம் கோச் ஜான் கிரெகரி இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவுக்கு மேனேஜராக இருந்த பழைய கை. அவர் கணக்கு வேறு என்று எனக்குப் பட்டது. பின்வரிசையில் எவ்வளவு வேண்டுமானாலும் பந்தை உருட்டிக்கொள், சேத்ரிக்கும் மிக்கூவுக்கும் நடுவழியாகப் பந்து போகாமல் மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரிதான் நம் ஆட்கள் நின்றார்கள். அந்த சீசனில் மிக்கூ 15 கோல், சேத்ரி 14 கோல். இரண்டு பேருக்கும் நேராகப் பந்து கொடுக்கிற வழியை அடைத்துவிட்டால் பெங்களூரு பக்கவாட்டில் உருட்ட வேண்டியதுதான். உருட்டினார்கள். அந்த உருட்டலையும் சேர்த்துத்தான் ‘பந்து எங்கள் காலில்’ என்று எண்ணுகிறார் என் மச்சினன்.

வழியை அடைத்த வேலையில் பாதி தனபால் கணேஷுடையது. எங்கள் ஏரியாப் பையன் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். வியாசர்பாடியில் வளர்ந்த பையன், செமி ஃபைனலில் நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 3-0 என்று அனுப்பியபோது ஒரு கோல் அவருடையது. டிசம்பரில் இதே கண்டீரவாவில் லீக் மேட்சில் 85-வது நிமிடத்தில் சேத்ரி 1-1 ஆக்கி ஸ்டேடியமே ஆடிக்கொண்டிருந்தபோது, மூன்று நிமிடம் கழித்து கோல் போட்டு 2-1 என்று வாயடைத்ததும் அவர்தான். ஃபைனலில் கோல் எதுவும் இல்லை, அதனால் பெயரும் பெரிதாக அடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பெங்களூரு நடுவில் திரும்பப் பார்த்தபோது அங்கே ஏற்கெனவே அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பிக்ரம்ஜித். இவர்கள் இரண்டு பேரும் செய்தது கைதட்டல் வாங்குகிற வேலை இல்லை. கல்யாணத்தில் அடுப்படியில் நிற்பவர்கள் போட்டோவில் வருவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

மூன்றாவது கோலில் மச்சினனும் நானும் நிஜமாகவே வேறு வேறு மேட்ச் பார்த்திருக்கிறோம். 67-வது நிமிடம், நம் ஜெஜே தள்ளிக் கொடுத்த பந்தை ரஃபேல் அகஸ்டோ பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தார். குர்ப்ரீத் பிடித்திருக்க வேண்டும், ஆறடிக்கு மேல் உயரம் எதற்கு என்று மச்சினன் ஒரே புலம்பல். இந்திய அணியின் முதல் தேர்வு கோல்கீப்பர், நார்வேயில் போய் ஆடிவிட்டு வந்தவர், அவரை ஒரு ராத்திரியில் கொட்டைப்பாக்காக ஆக்கிவிட்டார்கள். நான் எதிர் ஊர்க்காரன், ஆனாலும் அந்தக் கோலுக்கு குர்ப்ரீத்தைத் திட்ட மனசு வரவில்லை. ரஃபேலுக்கு நிமிர்ந்து பார்த்து, காலைச் சரிசெய்து, அடிக்கிற அளவுக்கு இடம் கொடுத்தது யார்? 2-1 என்று பின்தங்கியிருந்ததால் பெங்களூருவின் நடு ஆட்கள் எல்லாரும் மேலே ஏறிவிட்டார்கள், திரும்பி வர ஆளில்லை. பிரேக்குக்குச் சற்று முன்னால் வாங்கிய அந்த இரண்டாவது கார்னர் கோலின் பலன்தான் இது. 1-1 என்று இடைவேளைக்குப் போயிருந்தால் இவ்வளவு திறந்துவிட்டு ஆடியிருக்க மாட்டார்கள். கார்னரை ஓசி கோல் என்று தள்ளிவிட்டால் மூன்றாவது கோல் ஏன் வந்தது என்றும் புரியாது.

ஜெஜேயைப் பற்றி ஒரு வார்த்தை. கோல் போடவில்லை, ஃபைனலில் ஜெஜே என்ன செய்தார் என்று கேட்டார் மச்சினன். முதுகை கோலுக்குக் காட்டிக்கொண்டு, பின்னால் ஒரு டிஃபெண்டர் ஏறி உட்கார்ந்திருக்க, வருகிற பந்தை நிறுத்தி, கூட்டாளி வருகிற வரை காப்பாற்றி வைத்திருந்தார். வாய்ப்பு வரும்போதெல்லாம் கோல் போடுகிறவரைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கு இந்த வேலை செய்கிற ஆளைத்தான் பிடிக்கும், டிஃபெண்டராக இருந்தவனுக்குத்தான் அப்படி ஒரு ஆளைச் சமாளிப்பது எவ்வளவு எரிச்சலான காரியம் என்று தெரியும்.

சரி, நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சென்னைக்காரன் ஒருதலைப்பட்சம் என்று அடுத்த வாரம் இன்னொரு கடிதம் வரும். 3-1 ஆன பிறகு நம் ஆட்கள் ஆடியது எனக்குப் பிடிக்கவே இல்லை. பந்து கிடைத்தால் நாலு பாஸ் போட்டு மூச்சு வாங்கியிருக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு மேலே தூக்கி அடித்தார்கள், அது அப்படியே திரும்பி வந்தது, மறுபடி அடித்தார்கள், மறுபடி வந்தது. கடைசி இருபது நிமிடம் பத்து பேரும் நம் பாக்ஸைச் சுற்றியே குடித்தனம் நடத்தினார்கள். 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில் மிக்கூ கோல் போட்டு 3-2 ஆனபோது எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அந்தக் கோல் பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு எனக்கு முகமே இருந்திருக்காது. மச்சினன் இதை ‘பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திட்டீங்க’ என்றார், எல்லாரும் கோலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டோம் என்று அர்த்தம். அவர் சொன்னதிலேயே இது ஒன்றுதான் சரியான பாயின்ட், அதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். லீக்கில் பெங்களூரு 40 புள்ளி, சென்னை 32 புள்ளி. 18 மேட்ச் ஆடி எட்டு புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் வந்த அணிக்கு அந்த சீசனில் ஒரு தகரத் தட்டுகூடக் கிடைக்கவில்லை, நான்கு அணிகளை எடுத்து செமி ஃபைனல், ஃபைனல் வைத்து அதில் ஜெயித்தவர்தான் சாம்பியன் என்பது அன்றைய விதி. அதுவும் அவர்களுக்கு இது ஐ.எஸ்.எல்.லில் முதல் சீசன். பிப்ரவரியில் நம் ஊருக்கே வந்து 3-1 என்று அடித்துவிட்டும் போனார்கள். லீக்கில் முதலிடம் வந்தவர்களுக்கும் ஒரு கோப்பை வேண்டும் என்று மச்சினன் எழுதியிருந்தால் நானும் கீழே கையெழுத்து போட்டிருப்பேன். ஆனால் விதி முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். ஃபைனல் என்று ஒன்று இருக்கிறது, அது உங்கள் ஊரிலேயே, உங்கள் கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்தது, இதற்கு மேல் என்ன வசதி வேண்டும்?

அதிர்ஷ்டம் என்ற வார்த்தையைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால் 2015 ஃபைனலைச் சொல் மச்சான், வாயைத் திறக்காமல் ஒத்துக்கொள்கிறேன். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய அந்த டிசம்பரில், நம் ஹோம் செமி ஃபைனலையே புனேவில் போய் ஆட வேண்டியிருந்தது. கோவாவில் நடந்த ஃபைனலில் 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்திவிட்டது. நான் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் தன் கோலிலேயே பந்தைப் போட்டுக்கொண்டார், அடுத்து நம் மென்டோசா ஒன்று அடித்தார், 3-2. அது அதிர்ஷ்டம். அதற்குப் பெயர்தான் அதிர்ஷ்டம். நெல்சன் கார்னர் அடித்து மெய்ல்சன் முட்டுவதற்கு வேறு பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரயில் ஏறி ராத்திரி வீடு வந்து சேர்ந்தால் தெருவே டிவி முன்னால். கொழும்பில் பங்களாதேஷுக்கு எதிரான கிரிக்கெட் ஃபைனல், கடைசி பந்தில் ஐந்து ரன் வேண்டும், தினேஷ் கார்த்திக் சிக்சர். 8 பந்தில் 29. மச்சினன் அடுத்த நிமிடமே போன் போட்டுக் கத்தினார், நானும் கத்தினேன், முந்தின நாள் சண்டை இரண்டு நிமிடம் சுத்தமாக மறந்துபோயிற்று. அப்புறம் நான்தான் கேட்டேன், ‘ஏன் மச்சான், இது லக்கா?’ என்று. ‘என்ன மாமா பேசறீங்க, அவன் எத்தனை வருஷமா பிராக்டிஸ் பண்றான்’ என்றார். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. ‘அது வேற, இது வேற’ என்று சொல்லி போனை வைத்துவிட்டார். நாலு நாள் கழித்து உங்கள் பேப்பரில் கடிதம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு மனத்தாங்கல் உண்டு. கார்த்திக்குக்கு முழுப் பக்கம் கொடுத்தீர்கள், கொடுக்க வேண்டியதுதான், அவரும் நம் பையன். எந்த பந்தை எப்படி அடித்தார் என்று படம் போட்டு விளக்கியிருந்தீர்கள். கால்பந்து ஃபைனலுக்கு ஆறு வரி, அதில் கோல் அடித்தவர்கள் பெயரும் நிமிடமும் மட்டும். நெல்சன் என்ற பெயரே இல்லை. யார் உதைத்த கார்னர், ஆள் எப்படி விடுபட்டார், எவர் பிடியை விட்டார் என்று நாலு வரி சேர்த்திருந்தால் மச்சினன் அந்தக் கடிதத்தை எழுதியே இருக்க மாட்டார். அல்சூர் பக்கத்தில் கௌதமபுரம் என்று ஒரு இடம் இருக்கிறது, தெருவில் பீலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், அங்கே தமிழ் பேசுகிற வீடுகள்தான் அதிகம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர், அன்று நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த மண்ணில் உங்கள் பேப்பரை வாங்கிப் படிக்கிறவர்களுக்கும், இங்கே வியாசர்பாடியில் டீக்கடையில் பேப்பரின் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்புகிறவர்களுக்கும் ஆறு வரி பத்தாது. ஸ்கோர் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மச்சினன் கடிதத்தின் அந்தக் கடைசி வரி. அன்று ராத்திரி ஒரு மணி வரை போர்டில் கார்னர் அடித்துக்கொண்டிருந்தோம். நான் வைத்த மாதிரி வைத்தால் கோல், அவர் வைத்த மாதிரி வைத்தால் கொட்டைப்பாக்கு பிடித்துவிடும். மாமியார் வந்து விளக்கை அணைத்த பிறகுதான் எழுந்தோம். காய்களைப் பையில் போட்டுக் கட்டியது மச்சினன். மறுநாள் ரயிலில் டிக்கெட் எடுக்க பேன்ட் பையில் கைவிட்டால் சிவப்புக் காய் வருகிறது. எப்போது எடுத்து உள்ளே போட்டேன் என்று சத்தியமாக நினைவில்லை. அவர் வீட்டில் அன்றிலிருந்து பிள்ளைகள் சிவப்புக்குப் பதில் சட்டைப் பொத்தானை வைத்து ஆடுகிறார்களாம், அக்காவிடம் புகார் வந்திருக்கிறது.

காய் பத்திரமாக டிவி மேலே இருக்கிறது, மச்சான். கூரியரில் எல்லாம் அனுப்ப மாட்டேன். அடுத்த சீசனில் உங்கள் டீம் சென்னைக்கு வரும்போது கூடவே வந்து வாங்கிக்கொண்டு போ. டிக்கெட் நான் எடுக்கிறேன், எங்கள் பக்கத்தில்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
வியாசர்பாடி, சென்னை-39